நீ கேட்ட தனிப் போட்டி

என் அன்பு மச்சான் தவத்துக்கு,

நீ கேட்டது நடந்துவிட்டது. அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு நாள், தனியார் கல்லூரிகளுக்கு இன்னொரு நாள் என்று இந்த வருடம் நம் கல்வி வலயத்தின் ஓட்டமும் பாய்ச்சலுமான மெய்வல்லுநர் போட்டிகளைப் பிரித்தே நடத்தி முடித்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால் முடிவு தெரிந்த அன்றைக்கே மானிப்பாய்க்கு வந்து என் வீட்டு வாசல் படலையில் நின்று ஹோர்ன் அடித்திருப்பாய். தேத்தண்ணி குடிக்காமல் போயிருக்க மாட்டாய். தோற்றுப்போன என் முகத்தை ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளைத் திருப்பியிருப்பாய்.

போன கிழமை உன் ஆண்டுத் திவசம். வசந்தி உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்துப் படைத்தாள். எல்லோரும் இருந்து சாப்பிட்டோம். நான் மட்டும் உன் படத்துக்கு முதுகு காட்டித்தான் இருந்தேன். அங்கே வாய்விட்டு உன்னோடு கதைத்தால் அழுதுவிடுவேன், நீ அதற்கும் நக்கல் அடிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கோபிக்காதே. நீ உரும்பிராய்ப் பக்கத்தில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியன். நான் காசு கட்டிப் படிக்கிற தனியார் கல்லூரி ஒன்றில் அதே வேலை பார்ப்பவன். கல்லூரி என்பது பெயர்தான், அதுவும் பள்ளிக்கூடமே. என் தங்கை வசந்தியைக் கட்டியதால் நீ எனக்கு மச்சான். அதற்கு முன்பே, பெடியன்களாய் இரண்டு பேரும் ஒரே கோலை மாறி மாறி ஊன்றிப் பாய்ந்த காலத்திலேயே, நீ எனக்கு மச்சான்தான்.

தை மாதம் வந்தால் நமக்குள் சண்டையும் வந்துவிடும். உன் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை நன்றாக ஓடினால், அடுத்த வருடம் அது எங்கள் சீருடையோடு நிற்கும். புலமைப்பரிசில், ஓடுவதற்கு முள்ளுச் சப்பாத்து, விடுதிச் சாப்பாடு என்றால் எந்தத் தாய் தகப்பன் வேண்டாம் என்பார்கள்?

"நான் தண்ணி இறைச்சு வளக்கிற கண்டை நீ வேரோடை பிடுங்கிக்கொண்டு போய் உன்ரை தோட்டத்திலை நடுறாய். பிறகு காய் பெரிசு எண்டு எனக்கே காட்டுறாய்," என்பாய்.

"எங்கை நட்டாலும் கண்டு செழிச்சால் சரிதானே, மச்சான்?"

"அப்ப உங்கடை தோட்டக்காரர் எல்லாரும் சேர்ந்து தனியப் போட்டி வையுங்கோவன்ரா. எங்களை ஏன் கூப்பிட்டு அடிக்கிறியள்?"

உன்னிடம் பாயப் பழகிய கீர்த்தனாவை நாங்கள் எங்கள் கல்லூரிக்குக் கொண்டுபோன வருடம் நீ பொங்கலுக்கும் என் வீட்டுக்கு வரவில்லை. வசந்திதான் பொங்கிய புக்கையைக் கொண்டுவந்து தந்தாள். அதற்கு முதல் உன் மகள் ஆரணியை எங்கள் கல்லூரிக்கு ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். என் மருமகள்தானே, உரிமையோடுதான் கேட்டேன். "என்ரை பிள்ளையையும் உனக்குத் தந்துபோட்டு நான் ஆரின்ரை முகத்திலை முழிக்கிறது?" என்றாய். பிறகு நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் போட்டி நாளில் உனக்கு இந்தக் கோபமெல்லாம் எங்கே போகும்? கோலூன்றிப் பாய்தலுக்கு ஒழுங்கான கோலும் விழுகிற மெத்தையும் நம் வட்டாரத்தில் எங்கள் கல்லூரியிடம் மட்டும்தான் இருந்தன. விடிந்ததும் உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் மெத்தையை ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாய்ந்தாலும் அதில்தான் விழும். யாரும் வந்து கேட்டதுமில்லை, நாங்கள் கொடுக்கிறோம் என்று சொன்னதுமில்லை. அது பாட்டுக்கு நடந்து வந்தது.

கோல் ஆளின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆரணியும் கீர்த்தனாவும் ஒரே எடை, ஆகவே இருவருக்கும் ஒரே கோல். ஒருத்தி பாய்ந்து விழுந்ததும் மற்றவள் அதைத் தூக்கிக்கொண்டு தன் ஓட்டத்துக்கு நடப்பாள். எதிரெதிர்ப் பள்ளிக்கூடங்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எல்லாம் முடிந்தபிறகு நீ தோளில் கிடக்கிற துவாயால் அந்தக் கோலை நுனிவரை துடைத்து என்னிடம் நீட்டுவாய். "இந்தா, தடி உங்கடை. கை மட்டும் எங்கடை." ஒவ்வொரு வருடமும் அதே பகிடிதான், ஒவ்வொரு வருடமும் நான் சிரித்தேன்.

நீ போனபிறகு விளையாட்டு ஆசிரியர்களின் கூட்டம் வந்தது. அங்கே நடப்பது உனக்குத் தெரியும். போட்டியைப் பிரிக்க வேண்டும் என்று நீ எழும்புவாய், கூடாது என்று நான் எழும்புவேன், மற்றவர்கள் சிரித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போவார்கள். இந்த முறை அந்த இடம் வந்ததும் எழும்ப நீ இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் எழும்பினேன். எதிர்த்துக் கதைக்கத்தான் எழும்பினேன், சத்தியமாக. வாயைத் திறந்தால் உன் கதை வருகிறது. கண்டும் தோட்டமும் தண்ணியும், நீ சொல்கிற அதே ஒழுங்கில் வந்துகொண்டே இருந்தன. என்னால் நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் மனம் வரவில்லை. அவ்வளவு நேரமும் நீ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. தனியார் கல்லூரிக்காரனே கேட்கும்போது யார் மறுப்பார்கள்? எல்லோரும் கை உயர்த்தினார்கள். செத்த வீட்டுக்கு மலர்வளையம் கொண்டுபோகிறவன்போல உன் கோரிக்கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோசம். மெத்தையின் நினைப்பே வரவில்லை. உனக்காவது வந்ததா, மச்சான்? இத்தனை வருடம் கேட்டாயே, ஒருநாளாவது அதை யோசித்தாயா?

போட்டி நெருங்கியபோது எங்கள் அதிபரிடம் போனேன். அரசாங்கப் பள்ளிக்கூடங்களின் நாளுக்கும் மெத்தையையும் கோல்களையும் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கதைத்தார்.

"தனியப் போகவேணும் எண்டு கேட்டவை அவைதானே, மாஸ்ரர்? நீங்களும் எழும்பிக் கதைச்சனீங்களாம். எங்கடை பிள்ளையள் இல்லாத இடத்திலை ஒரு பிள்ளைக்குக் கை கால் முறிஞ்சால் ஆர் பொறுப்பு?"

எழும்பப்போன என்னை அவரே மறித்தார். "உங்கடை மருமகள் நல்லாய்ப் பாயுமாம். இஞ்சை கொண்டுவந்து சேருங்கோ. பிறகு மெத்தையும் கோலும் அவவின்ரைதானே."

சரியான மெத்தை இல்லாமல் பாயவிடுவது ஆபத்து என்று, அரசாங்கப் பள்ளிக்கூடங்களின் நாளில் கோலூன்றிப் பாய்தலையே எடுத்துவிட்டார்கள். உரப்பைக்குள் வைக்கோல் அடைத்து, மேலே பழைய மீன்வலை விரித்து நீ செய்த மெத்தையைப் பழகுவதற்குப் பார்த்தும் பார்க்காததுபோல் விடுவார்கள், போட்டிக்கு விடமாட்டார்கள். வலயத்தில் பாயாத பிள்ளை மாகாணத்துக்குப் போக முடியாது. ஆரணிக்குப் பள்ளிக்கூடப் போட்டியில் இதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் வயது கூடிவிடும்.

நீ சொன்னது பொய் என்று நான் எழுதவில்லை. உன் பள்ளிக்கூடத்துப் பெடியன் ஒருவன் நூறு மீற்றரில் முதலாவதாக வந்தான். மேடையில் ஏறி நிற்கத் தெரியாமல் பதக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். உன் பிள்ளைகள் முழங்கால் நோகத் துள்ளினார்கள். அதைப் பார்க்க நீ இருக்கவில்லை.

எங்கள் நாளில் கீர்த்தனா தனியாகப் பாய்ந்தாள். வேறு கல்லூரிகளில் அந்த நிகழ்ச்சிக்குப் பிள்ளை இல்லை. தானே பாய்ந்து, தானே எழும்பி, தானே கோலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். இரண்டு உயரம் தாண்டியதும் என்னிடம் வந்தாள்.

"இவ்வளவும் காணும், சேர்."

"ஏன் பிள்ளை? இன்னும் ஏத்தலாம்."

"ஆரை வெல்லுறதுக்கு, சேர்?"

தங்கப் பதக்கத்தை அவள் கழுத்தில் போட்டார்கள். படம் எடுக்கும்போதும் அவள் சிரிக்கவில்லை.

இந்த இரண்டு நாளுக்கும் முதல், திவசத்தன்று, சாப்பாடு முடிந்து சனம் கலைந்தபிறகு வசந்தி என் பக்கத்தில் வந்து இருந்தாள். "அண்ணை, பிள்ளையை உங்கடை கல்லூரியிலை சேத்து விடுங்கோவன். போட்டிக்கு இன்னும் பேர் குடுக்கலாமாம். அவர் இல்லைத்தானே, இனி ஆர் கோபிக்கப்போகினம்?"

வாசல்நிலையில் ஆரணி நின்றிருந்தாள். நீ நிற்கிற மாதிரியே ஒரு காலை மடித்து நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அப்பா இல்லாத நேரம் பாத்துப் போறதோ, மாமா?"

"அப்பிடியில்லை, பிள்ளை. உன்ரை நன்மைக்குத்தான் கொம்மா..."

"அப்பா இருக்கேக்கை சண்டை பிடிச்சுப் போயிருந்தால் அது வேறை. இப்ப போனால் களவெடுத்துக்கொண்டு போறமாதிரி." ஊன்றிய காலை இறக்கினாள். "பாயாமல் விட்டால் செத்தோ போவன்?"

செத்துப்போக மாட்டாள், எனக்குத் தெரியும். ஆனால் அவள் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடங்களின் நாளிலும் நான் ஓரமாக நின்று அவளைப் பார்த்தேன். உன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நீளம்பாய்தல் குழியில் மண் பரப்பிக்கொண்டிருந்தாள். வழக்கமாக மெத்தை போடுகிற பக்கம் அவள் திரும்பவே இல்லை.

நீ வென்றுவிட்டாய், மச்சான். என் வாயாலேயே உன்னை வெல்ல வைத்தேன். படலையில் நின்று ஹோர்ன் அடிக்கத்தான் ஆள் இல்லை. உன்னோடு சண்டை பிடித்துத் தோற்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வருகிற கூட்டத்தில் எழும்புவேன். இந்த முறை என் கதையைத்தான் கதைப்பேன். பிள்ளை பிடிக்கிற எங்களுக்குக் கட்டுப்பாடு வையுங்கள், மைதானத்தைப் பிரிக்காதீர்கள் என்று கேட்பேன். அவர்கள் கேட்டாலும் அது ஆரணிக்கு உதவாது, அவளுக்குப் பின்னால் வருகிறதுகளுக்கு உதவினால் போதும். இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் அதிபர் எத்தனை தரம் கேட்டாலும், வசந்தி அழுதாலும், உன் பிள்ளையை நான் கொண்டுபோக மாட்டேன். அவள் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவே படித்து முடிப்பாள். பாயாமல்.

உன்னோடு ஒரே கோலில் பாய்ந்த,
உன் மச்சான்