பொத்தான் போட்ட சட்டை

செவ்வாய், ராத்திரி

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். டாக்டரிடம் போகிறோமென்று பிள்ளைக்குப் பவுடர் பூசி, புதுச் சட்டையில் பொத்தானெல்லாம் போட்டிருந்தாள்.

"ராத்திரி பூரா இருமுனான் டாக்டர். இப்பதான் அமைதியா தூங்குதான்."

அது தூக்கமில்லை, அசதி. சட்டையைத் திறந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே நெஞ்சு குழிந்து உள்ளே போனது. கடுமையான நிமோனியா. ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன்.

"அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று துபாய்க்கு வீடியோ கால் போட்டாள்.

"தூங்குற பிள்ளைய ஏன் அலைக்கழிக்கிறீங்க? ஒரு ஊசி போட்டு அனுப்புங்க" என்றான் புருஷன்.

போனைப் பிடுங்கிப் பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே காட்டினேன். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். அப்புறம் மெதுவாக, "எனக்குத் தெனமும் மூஞ்சிய மட்டும்தான் காட்டுனா" என்றான்.

ஆம்புலன்ஸில் ஏறியதும் அவள் மறுபடியும் பொத்தான் போட ஆரம்பித்தாள். மூடாதே என்று கத்திவிட்டேன்.

சீட்டில் எல்லாம் எழுதித்தான் அனுப்பினேன். ஆனாலும் அங்கே யாராவது அந்தச் சட்டையைத் திறந்து பார்த்தார்களா?