எழுதாத தொகைக்கு நீங்கள் போட்ட கையெழுத்து

நேற்று என் பழைய ஸ்கூட்டரை விற்றுக்கொடுத்த தரகர் ஒரு ரசீதை நீட்டினார். மூலையில் ரெவின்யூ ஸ்டாம்ப், ஒட்டிய ஈரம்கூடக் காயவில்லை. தொகை எழுதவேண்டிய இடம் காலி. "சும்மா போடுங்க சார், நான் அப்புறம் எழுதிக்கிறேன்" என்றார். திறந்த பேனாவை மூடிவிட்டேன். கிறுக்கன் என்று நினைத்திருப்பார். காரணம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், நண்பரே. நீங்களோ போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் படக் கம்பெனி ஏற்காட்டுக்கு வந்தபோது நான் தயாரிப்புக் கணக்கர். உங்கள் ஊரான செம்மநத்தத்திலிருந்து உங்கள் இரண்டு ஜீப்புகளும் எங்களுக்காக ஓடின. பன்னிரண்டு நாள் என்று நான் போட்ட பட்ஜெட்டை மூடுபனி இருபத்தாறு நாளாக்கியது. வெளிச்சம் இல்லாத நாளில் கேமரா பெட்டிக்குள் தூங்கும். ஆட்களின் தினப்படி பேட்டாவும் வாடகையும் தூங்காது. லாட்ஜ் அறையில் நான் தலையில் கைவைத்து உட்காரும்போதெல்லாம் நீங்கள் காபியோடு வந்து நிற்பீர்கள். "ஏனுங்க, மூடுபனிக்கும் வவுச்சர் போட்டாச்சுங்களா?" என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்ப் படப்பிடிப்பு முடிந்து கிளம்புமுன் எல்லோரிடமும் தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வாங்கிவிடுவோம். பாக்கிப் பணம் பிறகு வந்து சேரும். வெறும் கையெழுத்துக்காக மறுபடி மலையேற வேண்டாம் பாருங்கள். உங்களிடமும் நீட்டினேன். "எழுதாத காயிதத்துலயாங்க?" என்று தயங்கினீர்கள். இரண்டாவது ஜீப்புக்காக உங்கள் மனைவியின் நகைகள் சேலத்தில் அடகில் இருந்தன. எங்கள் வாடகையில்தான் அவற்றை மீட்க வேண்டும் என்று முதல்நாள்தான் சொல்லியிருந்தீர்கள். பிறகு நீங்களே சிரித்தீர்கள். "உங்க மூஞ்சிக்காகப் போடறனுங்க. நகை வரலீன்னா என்னைய ஊட்டுக்குள்ள உட மாட்டா, அத மட்டும் நெனப்புல வெச்சுக்கங்க."

மெட்ராஸில் தயாரிப்பாளர் அவசரப்படுத்தினார். கடன் கொடுப்பவர் கணக்கைப் பார்க்க வருகிறார், பாக்கி எதுவும் தெரியக்கூடாது, எல்லா வவுச்சரையும் நிரப்பு என்றார். முழு வாடகையையும் நீங்கள் பெற்றுக்கொண்டதாக என் கையால் எழுதினேன். அடுத்த வாரம் பணம் போய்விடும் என்று நம்பினேன். கடன் கிடைக்கவில்லை. படம் பாதியில் நின்றது.

ஒரு மாதம் கழித்து உங்கள் மச்சான் பணம் கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். மேனேஜர் அந்த வவுச்சரை எடுத்துக் காட்டினார். மச்சான் உங்கள் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த மேஜையில் இருந்த நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எனக்கும் மூன்று மாதச் சம்பளம் வரவேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் அதுவும் போகும். கோழை என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நகை அடகிலேயே மூழ்கியது. ஜீப்புகளும் கைமாறின. சில ஆண்டுகளுக்குப் பின் ஏற்காடு பஜாரில் உங்களைப் பார்த்தேன். யாருடைய ஜீப்பையோ குப்பனூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். சட்டையைப் பிடிப்பீர்கள் என்று பயந்தேன்.

"பணத்த வாங்கிச் சீட்டாட்டத்துல உட்டுட்டேன்னு ஊட்டுல நெனைக்கறாங்க. நீங்க ஒருக்கா வந்து சொன்னீங்கன்னா நொம்ப நல்லதுங்க" என்றீர்கள். அடுத்த முறை கட்டாயம் வருகிறேன் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினேன்.

வந்தேன். அதற்குள் உங்கள் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது. உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: எழுதாத வவுச்சர், நான் நிரப்பிய தொகை, என் பயம். எதையும் விடவில்லை. அவர் கடைசிவரை கேட்டார்.

"போனவரு பேரு கெடக் கூடாதுன்னு சொல்றீங்கண்ணா. நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றார். "ஆனா, கையெழுத்து அவரோடதுதானுங்களே."

 அந்த வீட்டில் நீங்கள் இன்னும் சீட்டாட்டத்தில் பணத்தைத் தொலைத்தவர். நான் நல்ல மனசுக்காரன். அந்தப் பெயரைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.