நான்கு முதல் ஐந்து வரை

பிப்ரவரி 6

என் டீச்சருக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் கடையும் சுகம். கழுத்துவலி மட்டும் விடவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. சந்தோஷமாக இருப்பதாகத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாயே.

ஊழியப் பயணம் நாற்பது நாள், குழுத் தலைவர் போனை வாங்கி வைத்துக்கொள்வார், கடிதம்தான் என்றாய். சரி என்றேன். சபையில் கொடுத்த அட்டவணையை வெட்டு மேசைக்கு மேலே ஒட்டிவைத்து, இந்நேரம் பெண்கள் கூட்டம், இந்நேரம் ஆஸ்பத்திரியில் ஜெபம் என்று பார்த்துப் பார்த்துத்தான் துணி வெட்டுகிறேன். எல்லா ஊரிலும் சாயங்காலம் நான்கு முதல் ஐந்து வரை கட்டம் காலியாக இருக்கிறது. அச்சுப் பிழையா என்று போதகரைக் கேட்டேன். இல்லையாம், டீச்சர்தான் காலியாக விடச் சொன்னார்களாம். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

போன கடிதத்தில், லாரி டிரைவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு வண்டி ஓட்டுகிற வேலை இல்லையா? பெயரைக்கூடப் போடவில்லை. யார் அவர்? அந்த ஒரு மணி நேரம் எதற்கு? மறைக்காமல் எழுது.

தபால்காரரையே பார்த்துக்கொண்டிருக்கும்,
தையற்காரன்

பிப்ரவரி 10

கிறிஸ்துவுக்குள் அன்பான என் வீட்டுக்காரருக்கு,

ஸ்தோத்திரம். கழுத்துவலித் தைலம் பீரோவில் இரண்டாம் தட்டில், துண்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. தேடாமலே இல்லை என்று சொல்லாதீர்கள்.

லாரி டிரைவருக்கு அறுபத்தெட்டு வயது. வண்டி பழுதாகிப் பட்டறையில் நின்றது. போதுமா? பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் தவித்தார். இரண்டு பேரும் சேர்ந்து நாலு வரி எழுதினோம்.

காலி மணி நான் கேட்டு வாங்கியதுதான். போன வருஷம் கட்டம் கட்டமாக ஓடினோம். ஒரு பஸ் நிலையத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்து, "அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று உதறிவிட்டு வந்துவிட்டேன். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை தெரியாது. அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இந்த முறை எந்த ஊரானாலும் நான்கு மணிக்குப் பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் போய் உட்காருகிறேன். கையில் துண்டுப் பிரசுரம்கூடக் கிடையாது. யார் வந்தாலும் சரி. பாதி நாள் கொசுதான் வருகிறது.

பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு இதைக் கேட்கிறீர்களே என்று எனக்குக் கோபம்தான்.

உங்கள் டீச்சர்

பிப்ரவரி 19

டீச்சருக்கு,

தைலம் கிடைத்தது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை நீ இருந்த ஊருக்கு எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வேலையாகப் போயிருந்தார். தற்செயலாக உன்னைப் பார்த்திருக்கிறார். பெஞ்சில் உன் பக்கத்தில் ஒருத்தன், முப்பத்தைந்து வயது இருக்குமாம். சட்டை அவனுக்கென்று தைத்ததே இல்லை. தோள் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது, கைமடிப்பு பிரிந்திருக்கிறது, மூன்றாம் பொத்தானை இரண்டாம் காஜாவில் மாட்டியிருக்கிறான். அவன் கையை நீ இரண்டு கையாலும் பிடித்திருந்தாயாம். அவனும் அழுதான், நீயும் அழுதாய்.

இதற்குப் பெயர் ஊழியமா? ஊர் சிரிப்பதற்கு முன் நீயே சொல்லிவிடு. இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. வராவிட்டால் இந்த வீட்டில் இனி உனக்கு இடம் உண்டா என்று நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன் கணவன்

பிப்ரவரி 23

வீட்டுக்காரருக்கு,

காஜா மாறியதைக் கவனிக்கிற கண் வேறு யாருக்கு இருக்கிறது? அந்தத் தெரிந்த ஒருவர் நீங்கள்தான். டீக்கடையில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்த மனிதர் அன்று காலைதான் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார். சட்டை யாரோ கொடுத்தது. வீட்டுக்குப் போகிற பஸ் இரண்டு போய்விட்டது. ஏறப் பயம். இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று சொன்னால் மனைவி நம்புவாளா என்று அழுதார். கையைப் பிடித்து ஜெபித்தேன்.

"அக்கா, நீங்க ஒண்ணு சொன்னா உங்க வீட்டுக்காரர் நம்புவாரா?" என்று கேட்டார்.

"நம்புவார்" என்றேன். யோசிக்கவே இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து போய் பஸ் ஏறினார்.

நிமிர்ந்து பார்த்தால் எதிரே நீங்கள்.

ஐந்து மணி ஆக இன்னும் கால் மணி நேரம் இருந்தது. உங்களைக் கூப்பிட வாய் வரவில்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்த பெஞ்சு அது. நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது நான் வரமாட்டேன். பயணம் மார்ச் 12 அன்று முடிகிறது. அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வருவதா, தங்கை வீட்டுக்குப் போவதா என்று உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். அந்த மனிதரிடம் நான் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் வலிக்கிறது.

டீச்சர்

பிப்ரவரி 27

என் டீச்சருக்கு,

மூன்று தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நான்தான். கோட்டு அளவு கொடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பி, கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். நீ தள்ளி உட்கார்ந்ததையும் பார்த்தேன். எழுந்து வந்து என்ன சொல்வது? வேவு பார்க்க வந்தேன் என்றா? வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தைத்தான் கோபமாக எழுதினேன். வீட்டில் இடம் உண்டா என்று கேட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

சந்தேகம் போய்விட்டது என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். பொய் எழுத மாட்டேன். நீ சொன்னது நிஜம் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தால், கத்தரியை வைத்துவிட்டு, இப்போது பெஞ்சில் யாரோ என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்தே, டீச்சர் இவள், எதற்கு ஒரு தையற்காரனோடு இருக்கிறாள் என்று எனக்குள் ஒரு பயம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் உன்னிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ இருக்கப்போகும் ஊருக்கு வருகிறேன். நான்கு மணிக்கு. பெஞ்சில் யாராவது இருந்தால் அவர் பேசி முடிக்கும்வரை நிற்கிறேன். அதற்குப் பிறகு, யாரோ ஒரு வழிப்போக்கன் என்று நினைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொல். வழிப்போக்கனாக இருந்தால் எனக்கும் சொல்ல வரும்.

தையற்காரன்