பெரிய எழுத்தெல்லாம் தலைப்பு இல்லை

இன்று காலை லோக்கல் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பார்வை இல்லை. அவள் விரலால் தள்ளத் தள்ள, கைப்பேசி உலர்ந்த ஆங்கிலக் குரலில் வேகமாக வாசித்துக்கொண்டே வந்தது. அவள் சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கிவிட்டாள். மறைமலைநகரில் இறங்க வேண்டிய நான் பொத்தேரி வரை போய்விட்டேன். உன் நினைப்புதான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாம் சேர்ந்தபோது, பக்கவாட்டில் நிற்பவர்கள் உனக்குத் தெரியாமல் போக ஆரம்பித்திருந்தது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ எங்கிருந்தோ, திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருளின் இலவசப் பதிப்பைக் கொண்டுவந்தாய். கொஞ்ச நேரம் பேசும், நின்றுவிடும். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட வேண்டும்.

நம் முதல் ப்ராஜெக்ட், மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு இணையப் பக்கம். தலைப்புகளை நான் பெரிதாக, தடிமனாக, நீல நிறத்தில் போட்டிருந்தேன். நீ ஹெட்போனை மாட்டிக் கேட்டாய்.

"எங்கடி தலைப்பு? எல்லாத்தையும் ஒரே மூச்சுல வாசிச்சுகினு போவுது."

பார்ப்பவருக்கு அது தலைப்பு. கேட்பவருக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான். பக்கத்தின் நிரலில் தலைப்புக்கென்று உள்ள குறியைப் போட்டால், ஒரே விசையை அழுத்தி அறை, சாப்பாடு, வரும் வழி என்று தாவித் தாவிப் போகலாம். அன்று முழுக்க உட்கார்ந்து மாற்றினோம். குரல் "ஹெட்டிங், ரூம்ஸ்" என்று சொன்னதும் நீ மேசையைத் தட்டிச் சிரித்தாய்.

விடுதிக்காரர் பக்கத்தை ஏற்றுக்கொண்டார். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் உனக்கே தருவதாகச் சொன்னார். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று உன் அம்மாவுக்கு அத்தனை நிம்மதி. சில மாதங்களில் விடுதிக்காரர் வேறு யாரையோ வைத்துப் பக்கம் முழுவதையும் படங்களாக மாற்றிவிட்டார். எழுத்துகூடப் படமாகவே இருந்தது. படத்தில் உள்ள எழுத்தை அந்தக் குரலால் வாசிக்க முடியாது. நாம் பஸ் பிடித்துப் போய்க் கேட்டோம்.

"இன்னாம்மா, பரீட்சை பேப்பர் மாதிரி இருந்துச்சு. இப்ப பாரு, எவ்ளோ அழகா கீது."

நான் ஏதேதோ விளக்கினேன்.

"ரூம் எடுக்க வர்றவங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் கீதும்மா" என்றார். வேலைக்கும் வேறு ஆள் வந்துவிட்டதாம். திட்டவில்லை. குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

சென்டருக்குத் திரும்பி அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாய். குரல் "கிராஃபிக், கிராஃபிக், கிராஃபிக்" என்றது. ஹெட்போனைக் கழற்றி வைத்தாய்.

"நாம கட்டுன வூடுடி. எனக்குத்தான் வாசலு இல்ல."

பார்வை மொத்தமாகப் போன பிறகு தெருவில் நடப்பதையெல்லாம் நான்தான் உனக்குச் சொல்வேன். பேச்சை நீட்டினால் தடுப்பாய். "தலைப்ப மட்டும் சொல்லு. வேணும்னா உள்ள போறேன்."

பிறகு ஒரு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் உன் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு, இனி வைத்தியத்தின் கையில் இல்லை என்றார். உள்ளே வந்தேன். காலடிச் சத்தத்தில் என்னைக் கண்டுகொண்டாய்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? தலைப்ப மட்டும் சொல்லு."

"காய்ச்சல்" என்றேன்.

"அது எனக்கே தெரியும்டி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். நீ போகுமுன் நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

இப்போது நான் ஒரு கம்பெனியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்யும் இணையப் பக்கங்களைச் சரிபார்க்கிறேன். தலைப்பு என்றால் என்ன என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். "சரிங்க மேடம்" என்கிறார்கள். மறுநாள் பெரிதாக, தடிமனாக எழுதிக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் சாப்பிடப் போனதும் நானே உட்கார்ந்து ஒவ்வொரு குறியாகப் போடுகிறேன். பக்கத்தை அடுத்த முறை மாற்றும்போது யாராவது எடுத்துவிடுகிறார்கள். திரும்பப் போடுகிறேன். அந்தப் பக்கங்களை யாராவது காதால் கேட்கிறார்களா என்று தெரியாது. போடாமல் விட எனக்கு மனசு வரவில்லை.