ஒரு சின்னக் குப்பி

பாவூர்சத்திரம்
9.6.2024

அன்புள்ள மெஹர் பானுவுக்கு,

போனில் பேச்செடுத்தால் அழுகை முந்திக்கொள்ளும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். உன் அண்ணனுக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, வலது கால் பெருவிரலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. டெம்போ எடுக்க முடியாமல் வீட்டில் இருக்கிறார். விரலை எடுக்கவேண்டி வரலாம் என்கிறார் தென்காசி டாக்டர்.

வெள்ளியை நானோ துகளாக்கி, அதில் வெட்டுக்காயப் பூண்டின் சாற்றை ஏற்றிப் உன் ஆய்வகத்தில் புண்ணுக்கு மருந்து செய்கிறாய் அல்லவா? அந்தப் பூண்டைப் பழைய குற்றாலம் ரோட்டோரம் சாக்குச் சாக்காகப் பறித்துக் கொடுத்தவர் இவர்தானே. நேற்று அவரே கேட்டார்: "ஏட்டி, மெஹர் மருந்து எலிக்கெல்லாம் கேக்குதாம்லா. எனக்குக் கொஞ்சம் தரமாட்டாளா?"

ஒரு சின்னக் குப்பி போதும்.

உன்
முத்துலட்சுமி

மதுரை
14.6.2024

அன்பு முத்து,

தர முடியாது. எப்படி எழுதினாலும் இதுதான் பதில் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

எலிகளுக்குப் புண் ஆறியது உண்மை. ஆனால் ஆய்வகத்தில் வளர்க்கிற மனிதத் தோல் செல்களில் அளவு கொஞ்சம் கூடினாலும், கிருமியோடு அந்தச் செல்களும் சாகின்றன. வெள்ளி உடம்புக்குள் எங்கே போய்த் தங்கும் என்பதும் எங்களுக்கு இன்னும் தெரியாது. மனிதருக்குப் போட்டுப் பார்க்க அனுமதியும் இல்லை. சங்கரபாண்டி அண்ணனை முதல் ஆளாக்க எனக்குக் கை வரவில்லை.

டாக்டர் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். கோபித்துக்கொள்ளாமல் பதில் போடு.

மெஹர்

மதுரை
20.7.2024

முத்து,

எத்தனையோ முறை போன் செய்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. நம்மோடு படித்த யோகலட்சுமிதான் சொன்னாள், விரலை எடுத்துவிட்டார்கள் என்று.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறினேன். ராஜபாளையம் வரை வந்தேன். அங்கே இறங்கி, மதுரைக்கே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதினேன்.

கொடுத்திருந்தால் ஒருவேளை விரல் தப்பியிருக்குமோ என்று தினமும் நினைக்கிறேன். எந்த முகத்தோடு உன் வீட்டுக்கு வருவேன்?

மெஹர்

பாவூர்சத்திரம்
25.8.2024

மெஹர்,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அம்புட்டு தூரம் வந்துட்டுத் திரும்பிட்டாளா? பாவம், என்ன பாடு பட்டிருப்பா" என்றார். அவருக்குக் காயம் ஆறிவிட்டது. செருப்புக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு மார்க்கெட் வரை நடக்கிறார்.

நீ மருந்து தராததற்கு ஒரு வாரம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். ஒளிக்கமாட்டேன். பிறகு அந்தக் கோபம் தானாகப் போய்விட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். அவர் டெம்போவில் லோடு ஏற்றும் வெங்காய மண்டி ஆட்கள்கூட வந்து பார்த்தார்கள். வார்டு வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் நீதான் என்று திரும்பிப் பார்த்தேன். குப்பியைத் தராவிட்டால் என்ன, நீ வந்திருக்கலாமே. வெறுங்கையோடு வந்தால் உன்னை வாசலில் நிறுத்தியா வைத்திருப்பேன்?

இந்தக் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வாங்கிக் கட்டிக்கொள்.

முத்து