பழுது என்று நான் எழுதிய படலம்

19.6.2002, புதன்

வெயில் கொளுத்துகிறது. மலைப்பக்கம் காற்றே இல்லை. ஹாஸ்டல் மூடியதால் வீட்டில். கைடு சாருக்கு ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் எழுதித் தர வேண்டும். ஒரு வரி எழுதவில்லை.

காலையில் சென்னையிலிருந்து சாந்தி போன். என்னோடு அதே லேபில் இருப்பவள். "உக்காந்துக்கினு கேளு. சார் உன் தங்கப் படலத்தைப் பத்தி பேப்பர் அனுப்பிட்டாரு. உன் பேரே இல்லடி."

யார் பேர் இருக்கிறது என்றேன்.

"அவரு. அப்புறம் புதுசா சேர்ந்த ரவி."

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா: "வெயிலு. மோர் குடி." குடித்தேன்.

20.6, வியாழன்

செங்கம் ரோடு பிரௌசிங் சென்டர். சாந்தி அனுப்பிய நகலைப் படித்தேன். என் வரைபடங்கள். என் அளவுகள். கடைசியில்: மாதிரிகளைத் துடைத்து உதவிய மாணவிக்கு நன்றி.

துடைத்தேனாம்!

கோபத்தில் குழம்பிவிடக் கூடாது. எழுதி வைக்கிறேன். கண்ணாடி மேல் தங்கப் படலம், தடிமன் தலைமுடியில் முந்நூறில் ஒரு பங்கு. அதில் வரிசையாகத் துளைகள், ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்னவை. அவ்வளவு சின்ன துளையில் ஒளி அநேகமாக நுழையவே கூடாது. நுழைகிறது. துளைமேல் விழுவதைவிட ஜாஸ்தியாக. படலத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் ஒன்றாக அலையாடி, சுற்றிலும் விழும் ஒளியையும் துளைக்குக் கொண்டுவருகின்றன. இது வெளிநாட்டில் முன்பே கண்டது. நான் கண்டது வேறு: மேலே ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் வைத்தால், வெளிவரும் நிறம் சிவப்புப் பக்கம் நகர்கிறது. சர்க்கரை கூடினால் இன்னும் நகர்கிறது. தண்ணீரில் எவ்வளவு சர்க்கரை என்று ஒளியே சொல்லிவிடும்.

பிப்ரவரியில் சாரிடம் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தண்ணி பட்டு படலம் உரிஞ்சிருக்கு. வெளிச்சம் லீக் ஆகுது. பழுதுன்னு நோட்டுல எழுதும்மா."

உரிந்திருந்தால், துடைத்ததும் நிறம் பழைய இடத்துக்குத் திரும்புமா? திரும்பியது. பதினோரு தடவை.

ஆனால் எங்கள் லேப் வழக்கம், சார் சொல்வதை மாணவி எழுதி, மாணவியே கையெழுத்துப் போடுவது. எழுதினேன். போட்டேன். முட்டாள்.

22.6, சனி

வீட்டில் பேசினால் அப்பா காதில் விழும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து சாருக்குப் போன்.

"உன் கையெழுத்துலயே பழுதுன்னு இருக்கேம்மா. நீ தூக்கிப் போட்டதை ரவி எடுத்து வேலை செஞ்சான். அதுல உனக்கென்ன?"

"ரவி எப்போ சார் செஞ்சாரு?"

"பெரியவங்ககிட்ட பேசற மாதிரி பேசு." வைத்துவிட்டார்.

அழுதுகொண்டே வீடு வந்ததால் அப்பாவுக்கும் தெரிந்துபோயிற்று. அவர் தாலுகா ஆபீஸ் கிளார்க். "அவரைப் பகைச்சுக்கினா பட்டம் குடுப்பாரா? ஒரு பேப்பர் தானே. வுட்டுடு."

"நீங்க எழுதின ஃபைலுக்கு வேற ஆளு பேர் வாங்கிக்கினா வுட்டுடுவீங்களாப்பா?"

"தினமும் அதாம்மா நடக்குது."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். நான் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன்.

ஃப்ளாப்பி மூன்று. பிப்ரவரி, மார்ச் அளவுகள் முழுக்க. ஒவ்வொரு ஃபைலிலும் மெஷின் போட்ட தேதி, என் பெயர். ரவி லேபில் சேர்ந்ததே மே மாதம்.

24.6, திங்கள். பௌர்ணமி.

கிரிவலக் கூட்டம். ஆட்டோ கிடையாது. நடந்தே பிரௌசிங் சென்டர்.

பேப்பர் போயிருக்கும் பத்திரிகையின் ஆசிரியருக்குக் கடிதம். முதலில் எழுதியது ஒரே கெஞ்சல். அடுத்தது ஒரே திட்டு. இரண்டையும் அழித்தேன். கடைசியில் ஏழு வரி, ஃபைல்கள். சாருக்கும் நகல். ஒளிந்து செய்யமாட்டேன்.

"லைன் ஸ்லோ மேடம். அரை மணி ஆவும்." பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரம்மா, கண் மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கீபோர்டை உடைக்க வேண்டும்போல இருந்தது.

"போயிடுச்சு மேடம்."

சாயங்காலம் போன். அப்பா எடுத்தார். எழுந்து நின்றுகொண்டார். ரிசீவரைப் பொத்தி, "உங்க சாரு. மன்னிப்பு கேட்டுடும்மா. ஒரு வார்த்தை தானே."

வாங்கினேன். "சொல்லுங்க சார்."

 "உன் பேரை ரெண்டாவதா போட்டுடறேன். மெயிலை வாபஸ் வாங்கிக்கோ."

"முதல் பேர், சார்."

இந்தத் தடவையும் அவர்தான் வைத்தார்.