கருவியில் விழுந்த வெயில்

ஔந்த், செவ்வாய் இரவு

துருவ ஒளிக்கு மேலே எலக்ட்ரான்கள் வேகமெடுப்பதைச் செயற்கைக்கோள் பதிவில் பிடித்துவிட்டேன் என்று மூன்று மாதமாக நம்பியிருந்தேன். இன்று மதியம் என் குழந்தை மீனு தூங்கியபோது மறுபடி பார்த்தேன். அந்தப் பதிவு எடுத்த நிமிடம் கருவிக்குள் நேராக வெயில் விழுந்திருக்கிறது. அதைத்தான் எலக்ட்ரான் என்று எண்ணியிருக்கிறேன். மீனுவுக்குக் காய்ச்சலடித்த வாரம், சூரியக் கோணத்தைப் பார்க்காமல் விட்டது நான்தான்.

கோயமுத்தூர்க்காரரான என் ஆராய்ச்சி கைடு மேடத்தைப் போனில் கூப்பிட்டேன். "எலக்ட்ரான் கட்டுரையைக் காலைலயே ஜர்னலுக்கு அனுப்பிட்டேன் கண்ணு. உன் பேருதான் முதல்ல. பாப்பா நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா மேடம்" என்றேன். வெயில் விஷயத்தைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

"வெயிலும் வானத்துல இருந்துதானே வருது, விடு" என்று, விஷயத்தைக் கேட்ட என் கணவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடத்துக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். "ஒரு தவறு நடந்துவிட்டது" என்று எழுதினேன், அழித்தேன். நான்காவது முறையும் அழித்துவிட்டேன்.